கிரீன் சர்க்கிளில் ஒரு லாரி

வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு டிரைவர் அண்ணன் லாரியின் நீல மூடியைத் திறந்து கேனிலிருந்து ஆட்புளூ, அதாவது டீசல் புகையைச் சுத்தம் செய்யும் திரவம், ஊற்றிக்கொண்டிருந்தார். முன்பு வழிந்தது காய்ந்து, மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அது யூரியாதான். ஆட்புளூவில் அது 32.5 சதவீதம், மீதி சுத்தமான தண்ணீர்.

சூடான புகையில் அது அமோனியாவாகி, வினையூக்கியின் மேல் புகையிலுள்ள நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகப் போய்விடுகிறது. எவ்வளவு அழகான வேதியியல்!

ஆனால் புகை சுமார் 200 டிகிரிக்குக் கீழே இறங்கினால் யூரியா சரியாகச் சிதையாது, வேலை படுத்துவிடும். சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வண்டிக்கு அதுதான் நிலைமை.

வினையூக்கிகளில் செம்பு ஏற்றிய சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்), வனேடியம் வகையைவிடக் குறைந்த சூட்டிலேயே நன்றாக வேலை செய்யும், கந்தகம்தான் அதற்கு ஆகாது.

இன்னும் குறைந்த சூட்டில் ஓடும் வினையூக்கிக்கு ஆராய்ச்சிப் பணம் தாராளமாகப் போக வேண்டும். காட்பாடி மேம்பால நெரிசலில், லாரிப் புகைக்குப் பின்னால் பைக்கில் குழந்தையோடு நிற்பது நாம்தானே.