ஓட்டத்தோடு எழுத்தையும் பழகுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் போலீஸ் வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள் சாயங்காலமானால் திடலில் ஓடுகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மலாய்மொழியில் ஒரு பக்கம் தெளிவாக எழுதிப் பழகுகிறவர்கள் குறைவு. வேலையில் சேர்ந்தபின் புகார், வாக்குமூலம், பாக்கெட் புத்தகக் (சட்டைப்பைக் குறிப்பேட்டு) குறிப்பு என்று எழுத்து தினமும் கூடவே வரும்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைத் திருட்டை எடுத்துக்கொள்வோம். “நேற்று ராத்திரி சிலர் வேனில் வந்து குலைகளைத் திருடிச் சென்றனர்” என்று எழுதினால் விசாரணை அதிகாரிக்குப் பிடித்துக்கொண்டு போக எதுவும் இல்லை. தேதி, மணி, எந்த பிளாக், வேனின் நிறம், நம்பர் பிளேட்டில் கண்ணில் பட்ட எண்கள், எத்தனை ஆட்கள், பார்த்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, இத்தனையும் வேண்டும். தூரத்தையும் வெளிச்சத்தையும்தான் எளிதில் விட்டுவிடுவோம். இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்காமல் விடமாட்டார்.

கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலப்பது அதைவிடப் பெரிய தவறு. “குடிபோதையில் இருந்தார்” என்பது முடிவு. வாயில் சாராய வாடை, தடுமாறிய நடை, குழறிய பேச்சு, இவைதான் கண்டவை. அவற்றை எழுதுங்கள். அடிதடி வழக்கில் “அவர் அவரைத் தள்ளினார்” என்றால் யார் யாரைத் தள்ளினார்? ஒவ்வொரு முறையும் பெயரையே எழுதுங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. “தாக்கப்பட்டார்” என்று எழுதினால் அடித்தவரே காணாமல் போய்விடுவார்.

வாக்குமூலத்துக்குச் சட்டமே வழி சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, எழுதியதைச் சொன்னவருக்கு அவர் பேசிய மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் லயத்துப் பாட்டிக்குத் தன் சொல் மாறாமல் தாளில் ஏறியிருக்கிறதா என்று தெரிவது அப்போதுதான். இரு மொழியும் தெளிவாகக் கைவந்த அதிகாரி அங்கே எவ்வளவு பெரிய துணை!

குறிப்பைச் சம்பவம் நடந்த கையோடு எழுதுங்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159ஆவது பிரிவு, நினைவு பசுமையாக இருக்கும்போது எழுதிய குறிப்பைச் சாட்சிக் கூண்டில் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள இடம் தருகிறது. 161ஆவது பிரிவின்படி எதிர்த்தரப்பும் அதை வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்தே குறுக்கு விசாரணையும் செய்யலாம். அதனால் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்திடுங்கள்.

பயிற்சிக்குத் தினம் 15 நிமிடம் போதும். சந்தையிலோ பஸ் நிலையத்திலோ ஐந்து நிமிடம் கவனித்து, பத்து நிமிடத்தில் மலாயில் எழுதுங்கள். அந்த இடத்தில் இல்லாத நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, யார் எங்கே நின்றார்கள் என்று படம் வரையச் சொல்லுங்கள். அவர் பென்சில் நிற்கும் வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.