சித்திரைப் பிறப்புக்கு 20 பேர் சாப்பாடு: வெயிலையும் சேர்த்து ஒரு கணக்கு

தமிழ்ப் புத்தாண்டுச் சமையலைப் பொங்கல் சமையல் மாதிரியே திட்டம் போடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தை மாதத்தில் காலையிலேயே இறக்கி வைத்த கூட்டு மதியப் பந்தி வரை பெரும்பாலும் தாங்கிவிடும். ஏப்ரல் 14 அன்று அப்படி இல்லை. வெளியே கொளுத்துகிற வெயில், சமையலறைக்குள் அதற்கும் மேல் புழுக்கம். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு 1 மணிக்கே ஊசல் வாடை காட்டத் தொடங்கும். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லும் பொது விதி. 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாகவே இருக்கிற பண்டத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விருந்து வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். சமைக்கிற வரிசையை மாற்றினால் நடக்கும்.

முதலில் பட்டியலைக் குறையுங்கள். மாங்காய்ப் பச்சடி, பருப்பு நெய், சாம்பார், வேப்பம்பூ ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு, உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம், தயிர். இது போதும். அவியலும் தேங்காய்த் துவையலும் இந்த வெயிலுக்கு ஆகாதவை. மோர்க்குழம்பும் வேண்டாம். பச்சடியில் மாங்காய், சாம்பாரிலும் ரசத்திலும் புளி, கடைசியில் தயிர் என்று இலை முழுக்க ஏற்கெனவே புளிப்புதான்.

அடுத்து, வருகிறவர்களிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டால் எல்லாரும் "எதுவா இருந்தாலும் சரி" என்றுதான் சொல்வார்கள். "மாமா, மதிய மாத்திரை எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஆபத்து பாயசத்தில் மட்டும் இல்லை, தள்ளிப்போகிற பந்தியிலும் இருக்கிறது. வழக்கமாக 12.30 மணிக்குச் சாப்பிடுகிறவரை 2 மணி வரை காக்க வைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். நல்ல நேரம், படையல், பஞ்சாங்கம் படிப்பது எல்லாவற்றையும் இந்த மணிக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் முதல் பந்தி. யாருக்கும் இதில் வருத்தம் வராது.

வெல்லப் பாயசம் என்பதால் சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தவறு. வெல்லமும் சர்க்கரைதான். தனியாக 'சுகர் ஃப்ரீ' பாயசம் வைப்பதைவிட, பாயசத்தை இலையில் ஊற்றாமல் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால் அளவு அவரவர் கையில் இருக்கும். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு உப்பு அப்பளத்திலும் ஊறுகாயிலும் மோர் மிளகாயிலும்தான் மொத்தமாக வந்து சேரும். அவற்றைக் கேட்டுப் பரிமாறுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீரை நீட்டாதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால், முந்திரியைத் தனியே வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். வறுத்த நெய்யையும் பாயசத்தில் கொட்டக் கூடாது. கோதுமை ஆகாதவர் வந்தால் பெருங்காய டப்பாவைப் படித்துப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயம் என்றாலும் கலவையைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

இனி அளவு. 15 பெரியவர்கள், 5 சிறுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 2 கிலோ. பாயசமும் வடையும் இருக்கிற நாளில் தலைக்கு 100 கிராம் அரிசி தாராளம். 10 லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு 1 கிலோவுக்கு மேல் வேண்டாம். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் ஏறினால் கஞ்சி பொங்கி வெயிட்டை அடைக்கும். இரண்டு பந்திக்கு இரண்டு குக்கர் என்றால் சோறும் சூடாகவே இருக்கும். துவரம்பருப்பு 650 கிராம்: சாம்பாருக்கு 400, பருப்பு நெய்க்கு 250. சாம்பார் 4 லிட்டர், அதற்குப் புளி 100 கிராம். ரசம் 3 லிட்டர், புளி 60 கிராம், தக்காளி அரைக் கிலோ. பீன்ஸ் ஒன்றரைக் கிலோ. கூட்டுக்குப் புடலங்காய் அல்லது பூசணி 1 கிலோ, பாசிப்பருப்பு 150 கிராம். தயிருக்குப் பால் இரண்டரை லிட்டர். இலை 20 பேருக்கு 25 வாங்குங்கள், எப்படியும் நாலைந்து கிழிந்திருக்கும். முந்தின நாளே வாங்கினால் ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்தில் விரிசல் விடும்.

4 பேர் சமையல் அளவை அப்படியே 5-ஆல் பெருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த விகிதத்தில் வற்றாது, சாம்பார் நீர்த்துப்போகும். தண்ணீரைக் கால் பங்கு குறைத்தே ஆரம்பியுங்கள், பிறகு ஊற்றிக்கொள்ளலாம். மிளகாய்க்கும் பெருங்காயத்துக்கும் நாலு மடங்கே போதும்.

உப்பு தனிக் கதை. படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்கிற வீடுகளில் கண்ணளவும் கையளவும் 4 பேருக்குச் சரியாக வரும், 20 பேருக்குக் காலை வாரும். தூள் உப்பு ஒரு தட்டைத் தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி, பொரியலுக்குக் கிலோவுக்கு ஒன்றரை, வடை மாவுக்கு 700 கிராம் உளுந்துக்கு 2. இது சற்றுக் குறைவான அளவுதான். படையல் முடிந்ததும் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம், கூடிப்போனதை எடுக்க வழியில்லை. கல்லுப்பு கரண்டியில் தூள் உப்பு அளவுக்கு அடங்கி உட்காராது, அதனால் அதை எடை போட்டே போடுங்கள்.

மாங்காய்ப் பச்சடிதான் அன்றைய இலையின் நாயகன், அதிகம் சொதப்புவதும் அதுவே. 20 பேருக்கு 1 கிலோ மாங்காய். தோல் சீவி, கட்டை விரல் நகம் அளவுக்கு நறுக்கி, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, மாங்காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் துண்டு துண்டாகத் தெரியவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் வெல்லம். முதலிலேயே வெல்லத்தைப் போட்டால் மாங்காய் எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்தே இருக்கும், இனிப்பு ஏறியதும் காய் இளகுவது நின்றுவிடும். கிளிமூக்கு மாங்காய்க்கு 500 கிராம் வெல்லம் போதும், நல்ல புளிப்பான நாட்டு மாங்காய்க்கு 750 வரை போகும். வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். கொதித்துத் தேன் பதத்துக்கு வரும் முன்பே இறக்கிவிட வேண்டும், ஆறினால் இன்னும் இறுகும். கடுகு, நாலு கிள்ளிய வரமிளகாய் தாளிப்பு.

வேப்பம்பூவை இப்போது சேர்க்காதீர்கள். 2 தேக்கரண்டி பூவை ஒரு கரண்டி நெய்யில், சின்னத் தீயில், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்துத் தனியே வைத்துவிட்டு, பந்தி போடும்போது தூவுங்கள். காலையிலேயே கலந்தால் கசப்பு பச்சடி முழுக்க இறங்கிப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். தூவினால் பல்லில் மொறுமொறுவென்று ஒரு நொடி கசந்துவிட்டுப் போகும். ரசத்துக்கும் இதே முறைதான். அடுப்பை அணைத்த பிறகு வறுத்த பூவைப் போட்டு மூடி, 10 நிமிடத்தில் பரிமாறுங்கள். இரண்டாம் பந்தி ரசத்துக்குப் பூ தனி. பங்குனியில் உதிர்ந்த புதுப் பூ என்றால் காம்பு ஆய்ந்து நிழலில் உலர்த்தியது இருக்கட்டும். பாக்கெட் பூ என்றால் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், பாதி காம்பும் தூசியும்தான்.

வடைக்கு 700 கிராம் முழு உளுந்து. நடுத்தர அளவில் 40 வடை தேறும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறிய உளுந்து நீர் கோத்துக்கொண்டு எண்ணெயைக் குடிக்கும். கிரைண்டரில் ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மிக்ஸி என்றால் சூடேறி மாவு தளர்ந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு கிள்ளு மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பொரிக்கப் போகும்போதுதான் உப்பு. முன்னமே போட்டால் மாவு நீர்விட்டு, தட்டும்போது கையோடு வரும். அப்படி ஆகிவிட்டால் 2 கரண்டி அரிசி மாவு சேருங்கள். மெத்தென்று இருப்பது கொஞ்சம் குறையும், ஆனால் வடை வடையாக வரும்.

பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 250 கிராம், வெல்லம் 500, தேங்காய் 2. பருப்பை வாசம் வர வறுத்து, இரண்டாம் பாலில் அல்ல, தண்ணீரில் குழைய வேகவைத்து, வெல்லப் பாகு சேர்த்துக் கொதித்த பின் இரண்டாம் பால். முதல் பால் அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து. கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து எண்ணெய் மிதக்கும். பசும்பால் சேர்க்கிற வழக்கம் என்றால் இன்னும் கவனம்: வெல்லத்தில் உள்ள புளிப்புக்குச் சூட்டில் பால் திரியும். இரண்டும் ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

நேரக் கணக்கை வடையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஒரு ஈட்டுக்கு 5 வடை, 4 அல்லது 5 நிமிடம். ஆக 40 வடைக்கு ஒரு அடுப்பு 40 நிமிடம் போய்விடும். 12 மணிக்குப் படையல், 12.30-க்கு முதல் பந்தி என்றால் 11.15-க்கு எண்ணெய் காய வேண்டும். அப்போது மற்ற அடுப்பில் நடக்கிற வேலைதான் அன்றைய விருந்தின் உயிர்நாடி. கெடாதது முதலில், கெடுவது கடைசியில். 8.30-க்குப் பருப்புகள் குக்கரில். 9-க்குப் பச்சடி, புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அது பந்தி வரை அசையாது. அப்போதே உளுந்தையும் ஊறப்போடுங்கள். 9.30-க்குச் சாம்பார். காயைப் பருப்புத் தண்ணீரில் வேகவைத்த பிறகே புளி ஊற்றுங்கள், புளித்தண்ணீரில் முருங்கைக்காய் லேசில் வேகாது. 10-க்குப் பாயசம், தேங்காய்ப்பால் சேர்க்காமல். 10.30-க்கு ரசம், பூ போடாமல். 11-க்குப் பொரியல், 11.20-க்கு முதல் குக்கர் சோறு, 11.40-க்குக் கூட்டு. தேங்காயைத் துருவுவதும் அந்த நேரத்தில்தான், முந்தின நாள் ராத்திரி அல்ல. கரண்ட் போகும் என்ற பயம் இருந்தால் சாம்பார்ப் பொடி மாதிரி உலர்ந்ததை மட்டும் முன்கூட்டி அரைத்து வையுங்கள். சாம்பாரும் ரசமும் மூடிய ஹாட்பாக்ஸிலோ, பரிமாறும் முன் தளதளவென்று ஒரு கொதி விட்டோ.

தயிர் இந்த மாதத்தில் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். சாயங்காலமே உறை ஊற்றினால் மதியத்துக்குள் கடும் புளிப்பு. இரவு 11 மணிக்கு ஊற்றி, விடியற்காலையில் கனி பார்க்க எழும்போது ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கனித் தட்டில் வைத்த மாம்பழமும் வாழைப்பழமும் சாயங்காலம் நறுக்கிக் கொடுக்கவே ஆகும், பழத்துக்கென்று தனியாக வாங்க வேண்டியதில்லை. வந்ததும் கொடுக்க நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு காய்ச்சி ஆறிய நீர். பாளம் ஐஸ் வாங்கிப் போடாதீர்கள், அது குடிநீரில் செய்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அத்தையும் சித்தியும் ஏதாவது செய்து எடுத்து வருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனத்தாங்கல். புளியோதரை, மாங்காய்ப் பச்சடி, அதிரசம், பொடி வகை சொல்லுங்கள், பயணம் தாங்கும். கூட்டு, பாயசம், தயிர்ப் பச்சடி வேண்டாம். வடையும் வேண்டாம், மூடிய டப்பாவில் ஆவி கட்டிச் சவசவத்துப் போகும்.

மிச்சத்தை 4 மணிக்குக் காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இரண்டாம் பந்தி எழுந்ததும் சோற்றையும் சாம்பாரையும் அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். அண்டாவோடு வைத்தால் நடுவில் சூடு நின்று ராத்திரிக்குள் கெடும். கூட்டு மிஞ்சினால் அதையும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து அன்று மாலைக்குள் தீர்க்கவும், இல்லையேல் கொட்டவும். வடையை வெந்நீரில் 5 நிமிடம் போட்டு, பிழிந்து, மறுநாள் தயிரில் ஊறவிடலாம். ரசம் மிஞ்சியிருந்தால் அதிலேயே போடுவது இன்னும் நன்றாக இருக்கும், வேப்பம்பூ போடாத ரசமாக இருந்தால்.