மா ஏற்றி வந்த கப்பல்

23 மார்ச் 2024, சனி

பாணின் கரையை வெட்டி ஒதுக்கியதற்கு அம்மம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். "கூப்பன் காலத்தில இந்தக் கரைக்கு நாங்கள் அடிபட்டனாங்கள், பிள்ளை." உணவைக் கூப்பனுக்குப் பங்கிட்டுக் கொடுத்த போர்க்காலத்தைச் சொல்கிறார்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோனது. சோறு தின்ற வீடுகள் பாணுக்குப் பழகின. பாணுக்குக் கோதுமை மா எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். "கப்பலில. கப்பல் வந்தால் மா, வராட்டி மரவள்ளி."

24 மார்ச், ஞாயிறு

வராத கப்பல் ஒன்றைப் பற்றி இன்று முழுக்க வாசித்தேன். சிசலாக், 5,787 தொன், டச்சுச் சரக்குக் கப்பல். மெல்பேர்னில் மா ஏற்றிக்கொண்டு, காவல் கப்பல் எதுவுமில்லாமல் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. 26 மார்ச் 1944 விடியற்காலை, இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரில், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-8இன் டொர்பிடோ பட்டது.

கப்பலில் இருந்தவர்கள் படகுகளில் இறங்கிவிட்டார்கள். கப்பலோடு போனது மா மட்டும் என்றால் அது போரில் நடக்கிற நட்டம். ஆனால் நீர்மூழ்கி மேலே வந்து, அவர்களைத் தன் தளத்தில் ஏற்றி, கைகளைக் கட்டி, ஒவ்வொருவராகக் கொன்றது. வாள், சுத்தியல், துப்பாக்கி. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

25 மார்ச், திங்கள்

நூற்றுக்கு மேற்பட்டோரில் தப்பியது 5 பேர். ஒருவர் 20 வயது வயர்லெஸ்காரர் ஜேம்ஸ் பிளேர்ஸ், பிறகு பெயர்பெற்ற மல்யுத்த வீரர். இன்னொருவர் இந்திய லஸ்கர் மாலுமி. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த லஸ்கர்கள் பலர் அந்தக் கப்பலில் இருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ! மற்ற நால்வரின் கதையை அலசுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவில்லை.

ஐ-8இன் தளபதி அரீஸூமி, ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டிலேயே தற்கொலை செய்துகொண்டார். விசாரணைக் கூண்டில் அவர் ஏறவேயில்லை.

26 மார்ச், செவ்வாய்

விடிய எழும்பி காலிமுகத்திடலுக்குப் போனேன். எண்பது வருடம். தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

தப்பியவர்களை ஓர் அமெரிக்கக் கப்பல் ஏற்றியபோது பிளேர்ஸுக்குக் கொடுத்தது டின்னில் அடைத்த பீச் பழம். பிறகு வருடாவருடம் இந்த நாளில் அதையே சாப்பிட்டாராம்.

வரும் வழியில் சூடாக ஒரு றாத்தல் பாண் வாங்கினேன். அம்மம்மாவிடம் கப்பலின் கதையைச் சொன்னேன். அப்போது அவருக்கு ஒன்பது வயது. நெடுநேரம் பேசாமலிருந்தார். அப்புறம், "எங்களுக்கு வந்த மாவோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மம்மா."

கையிலிருந்த துண்டைத் தேநீரில் தோய்க்காமல் அப்படியே வைத்திருந்தார்.