ஸ்டர்ரெவ் எங்கே போச்சு?

சி மொழியில் பாலிண்ட்ரோம் (திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா என்று பார்க்கும்) புரோகிராம் கொடுத்தால், லேபில் பாதிப் பேர் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, திருப்பிப் போடும் ஸ்டர்ரெவ் (strrev) ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறார்கள். சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் ரெக்கார்ட் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்துப் புரோகிராம் அது. வீட்டு விண்டோஸில் கோட் பிளாக்ஸ் மென்பொருள் போட்டால் ஓடியும் விடும், மைக்ரோசாஃப்ட் லைப்ரரியில் அந்த ஃபங்ஷன் உண்டு. உபுண்டு (லினக்ஸ்) மெஷினில்தான் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஸ்டர்ரெவ்" என்று நின்றுவிடும். "லினக்ஸ்ல சி சரியா வராது சார்" என்று போன வாரம் ஒரு மாணவி முடிவே கட்டிவிட்டாள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஸ்டர்ரெவ் சி தரத்தில் (அந்த மொழிக்கான அதிகாரபூர்வ விதிகளில்) எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எண்ணை எழுத்தாக்கும் ஐடோஏ (itoa), ஒரு கீயைப் படிக்கும் கெட்ச் (getch) எல்லாமே அப்படித்தான். குழப்புவது, எரர் வருகிற இடம். தெரியாத ஃபங்ஷனைப் பார்த்தால், உபுண்டுவில் நாம் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலர், 13-ஆம் பதிப்பு வரை, ஒரு வார்னிங் மட்டும் கொடுக்கும். அந்த ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) திருப்பித் தரும் என்று தானாகவே வைத்துக்கொண்டு, இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் ஃபைலை எழுதிவிடும். அதற்குள் அந்தப் பெயர் முகவரி இல்லாமல் கிடக்கும். அடுத்து அதை இணைக்கும் லிங்கர், லிப்சி என்ற சி லைப்ரரியில் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். பிள்ளைகள் கடைசி வரியை மட்டும் படிக்கிறார்கள். விஷயம் மேலே, அந்த வார்னிங்கில் இருக்கிறது. 2024-இல் வந்த ஜிசிசி 14 இதைக் கம்பைலர் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி.

சரி, நாமே ஸ்டர்ரெவ் என்று ஒன்று எழுதிக்கொண்டால்? இன்று ஓடும். ஆனால் எஸ்-டி-ஆர் என்று தொடங்கி அடுத்து சிறிய எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களை, பின்னால் சேர்க்க வசதியாக, சி தரம் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. வெறும் ஏட்டு விதி இல்லை இது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 1998-இல் வந்த, ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்எல்காப்பியை (strlcpy), உபுண்டுவின் சி லைப்ரரியான ஜிலிப்சி பல வருடம் சேர்க்க மறுத்தது. அதனால் எத்தனையோ புராஜெக்ட்டுகள் அதே பெயரில் சொந்தமாக ஒன்றை எழுதி வைத்திருந்தன. 2023-இல் ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்துக்கொண்டதும், ஸ்டேட்டிக் (அந்த ஃபைலுக்குள் மட்டும்) என்று எழுதி வைத்திருந்தவை, அந்தப் பெயரை அறிவிக்கும் ஹெடர் ஃபைலோடு மோதிக் கம்பைல் ஆகாமல் நின்றன.

பெயருக்கு முன்னால் உங்கள் புராஜெக்ட்டின் இரண்டெழுத்தைச் சேர்த்துவிடுங்கள். ஃபங்ஷன் உடம்பை ஹெடரில் வைக்காதீர்கள். இரண்டு சி ஃபைல் அதை இன்க்ளூட் செய்தால் "மல்டிப்பிள் டெஃபினிஷன்" வரும்.

பாலிண்ட்ரோமுக்கு ஸ்ட்ரிங்கைத் திருப்பவே வேண்டாம். இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு நடுவுக்கு வந்தால் போதும், எந்தக் கம்பைலரிலும் ஓடும்.