வில்லிக்கு இரண்டு பக்கம்

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் ஓவியராக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று ஓடும் வேலைக்கு நடுவே, சில வருடங்களுக்கு முன் சிறுவர்களுக்கான 24 பக்க காமிக்ஸ் ஒன்று வந்தது. கதையில் ஒரு வில்லி. தம்பி கல்குவாரி வெடியில் செத்துப்போக, ஊரையே அழிக்கக் கிளம்புகிறவள். தம்பியைப் பற்றி மொத்தமே ஒரு பலூன்தான்: ‘என் தம்பியைக் கொன்ற ஊரைச் சும்மா விடமாட்டேன்!’ மீதியெல்லாம் அவள் செய்யும் நாசம்.

நானும் அப்படியே வரைந்தேன். ஏறிய புருவம், நீண்ட நகம், முகத்தில் கீழிருந்து அடிக்கும் வெளிச்சம். மேஜையில் கிடந்த பென்சில் பக்கங்களை பைண்டிங் அண்ணாச்சி எடுத்துப் புரட்டினார். அவருடைய அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர்.

“இவ ஏன் மக்களே இப்படி ஆனா?”

பலூனைக் காட்டினேன்.

“இது அவ சொல்லுதது. நாம எப்பப் பாத்தோம்?”

என்னிடம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டாரோடு கொடை பார்க்கப் போனேன். அன்று வில்லுப்பாட்டில் நீலி கதை பாடினார்கள்.

கள்ளியங்காட்டு நீலி என்று சொல்லித்தான் சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்துவார்கள். ஆனால் பாட்டு பேயில் தொடங்கவில்லை. தாசி லட்சுமி, தான் விரும்பிய நம்பியைத் தேடிக் காட்டுவழியில் வருகிறாள். கள்ளியின் அடியில் அவன் மடியிலேயே தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்து, அவள் தலையை மெல்ல அதன்மேல் இறக்கிவைக்கிறான். பிறகு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நகைகளோடு போகிறான். அவளைத் தேடிவந்த அவள் உடன்பிறந்தவனும் அங்கேயே உயிரை விடுகிறான். பார்த்தது கள்ளி மட்டும்தான். மறுபிறவியில் அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள் நீலி.

அந்த மணலைக் குவிக்கும் இடத்தை எவ்வளவு நேரம் பாடினார்கள் தெரியுமா! என் பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் பழிவாங்கும் கட்டம் வந்தபோது யாருக்கும் அவள்மேல் வெறுப்பில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. அவளைத்தான் இசக்கி என்று கும்பிடுகிறோம். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகள் சுற்றும் முப்பந்தலில் அவளிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள்.

அமெரிக்க காமிக்ஸிலும் இது நடந்திருக்கிறது. பாய்சன் ஐவி 1966-இல் பேட்மேன் 181-ஆம் இதழில் வந்தபோது ஆண்களை மயக்கும் குற்றவாளி, அவ்வளவுதான். அவள் நம்பிய ஆணே அவளுக்கு நஞ்சேற்றிய கதையைப் பின்னால் வந்த எழுத்தாளர்கள் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கோபம் எனக்குப் புரிந்தது. எங்கள் பாட்டுக்காரர்கள் கதையைத் தொடங்குவதே அங்கிருந்துதான்.

திங்கட்கிழமை காலை இரண்டு பக்கம் புதிதாக வரைந்தேன். பலூனே இல்லை. முதல் பக்கத்தில் வெடி, தூசி, ஓடும் ஆட்கள். இரண்டாவதில் குவாரி விளிம்பில் தூக்குச்சட்டியோடு அக்கா காத்திருக்கிறாள். வெயில் சாய்கிறது, நிழல் நீள்கிறது, சட்டி திறக்கப்படவில்லை. நகமும் புருவமும் சாதாரணமானவை.

வேலை கொடுத்தவர் வெடிப் பக்கத்தை எடுத்துவிட்டார். சிறுவர் புத்தகத்துக்கு அது அதிகம் என்றார். எனக்கு வருத்தம்தான், இன்றைக்கும். தூக்குச்சட்டிப் பக்கத்துக்காக மட்டும் ஃபோனில் அரை மணிநேரம் வாதாடினேன். அது புத்தகத்தில் தங்கியது.

அச்சான பிரதிகளை மடித்துத் தைக்கும்போது அண்ணாச்சி அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

“சட்டியில என்ன கொண்டுவந்தா?”

“கஞ்சியும் துவையலும் அண்ணாச்சி.”

தலையாட்டிவிட்டு அடுத்த பிரதியை எடுத்தார்.