மணக்குடிக் கடல் தண்ணீரை லேபுக்குக் கொண்டுபோன அனுபவம்

கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, காதில் சீழ் என்று வந்தால் எங்கள் கடப்புறத்தில் சாப்பாட்டைத்தான் குறை சொல்வோம். இந்த முறை தண்ணீரையே பார்த்துவிடலாம் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து கிளம்பினோம். நாகர்கோவில் பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டு பழையாறு கடலில் விழுவது மணக்குடியில்தானே.

முதலில் லேப். போனில் “தண்ணீர் டெஸ்ட்” என்றாலே போர்வெல் தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “ஃபீக்கல் கோலிஃபார்ம், எம்.பி.என். முறையில், 100 மில்லிக்கு எவ்வளவு” என்று கேட்டால்தான் பேச்சு நகரும். ஃபீக்கல் கோலிஃபார்ம் என்பது தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா, எம்.பி.என். என்பது அதன் எண்ணிக்கையை உத்தேசமாகக் கணக்கிடும் முறை. என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அமைப்பு) அங்கீகாரம் என்று பலகை இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் உண்டா என்று பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். உப்பு, இரும்பு, கடினத்தன்மையோடு நின்றுபோகிற இடங்களும் உண்டு.

பாட்டிலை லேபே கிருமி நீக்கித் தரும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கால் கிளப்பிய மணல் அடங்கும்வரை நின்று, மூடியின் உட்புறம் விரல் படாமல் திறந்து, சுமார் 30 செ.மீ. ஆழத்தில் வாயை வருகிற நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மேலே கொஞ்சம் காலி விடணும். படிக்க எளிது. எங்கள் கடலில் அலை ஆளைப் புரட்டிவிடும், அதனால் இறங்கியவர் இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். பாட்டிலைக் குளிர்ச்சியாகக் கொண்டுபோக மீன் பெட்டி ஐஸ் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஐஸ் உருகிய தண்ணீர் பாட்டில் வாயில் படக்கூடாது, அதனால் பிளாஸ்டிக் கவரில் கட்டித்தான் உள்ளே வைத்தோம். ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட்டால் நல்லது.

இதைவிடப் பெரிய விஷயம், எப்போது, எங்கே எடுப்பது என்பது. வள்ளம் தள்ளுகிற ஒரு பெரியவர் சொன்னார்: “மக்கா, பொழி உடைஞ்சா தண்ணி கலங்கி வரும். அப்போ எடுத்துப் பாரு.” பொழி என்பது ஆறு கடலில் சேரும் வாய். வெயில் காலத்தில் மண்திட்டு பொழியை அடைத்துக்கிடக்கும், மழையில் உடைந்ததும் உள்ளே தேங்கியது மொத்தமும் கடலுக்கு வரும். வெயிலும் ஒரு காரணம். சூரிய ஒளி இந்தக் கிருமிகளைக் கொல்வதால் உச்சி வேளையில் எடுத்தால் எண்ணிக்கை குறைத்துக் காட்டும். அதனால் விடிகாலையில், பொழிமுகத்திலும் சொத்தவிளைப் பக்கம் தள்ளியும், மழை இல்லாதபோதும் மழைக்குப் பிறகும் எடுத்தோம்.

ரிசல்ட் வர நாட்கள் ஆகும். கிருமிகளைச் சோதனைக் குழாய்களில் வளர்த்து, வாயு வருகிறதா என்று பார்த்து, பிறகு 44.5 டிகிரியில் வைத்து உறுதி செய்கிறார்கள். அதாவது, பிள்ளைகள் குளித்து முடித்த தண்ணீரைப் பற்றித்தான் நமக்குத் தெரியவரும். வந்த அறிக்கையிலோ குடிநீர் வரம்பை அச்சடித்து, ‘தகுதியற்றது’ என்று முடித்திருந்தார்கள். கடல் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்! நாமே ஒப்பிட வேண்டியதுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் கடலுக்கு எஸ்.டபிள்யூ.-2 என்று வகுத்திருக்கிறது, அதில் ஃபீக்கல் கோலிஃபார்ம் அளவு 100 மில்லிக்கு 100. ஆற்றில் குளிப்பதற்கு விரும்பத்தக்க அளவு 500, உச்ச வரம்பு 2500. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மோசமான கடலும் நல்ல கடலாகத் தெரியும்.

எங்களுக்கு வந்த எண்களை இங்கே போடவில்லை. கையளவு மாதிரியை வைத்து ஒரு ஊர்க் கடலுக்குச் சான்றிதழ் எழுதுவது சரியில்லை; மீன் விற்பவர்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது. பொழிக்கும் தள்ளியிருக்கும் கரைக்கும், மழைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கண்கூடு. பொழி உடைந்தால் சில நாள் பிள்ளைகளை இறக்குவதில்லை என்று வீடுகளில் பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்து எண்டரோகாக்கை என்ற, மலக் கலப்பைக் காட்டும் இன்னொரு வகைப் பாக்டீரியாவையும் பார்க்க ஆசை. உப்புத் தண்ணீரில் அது கோலிஃபார்மைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும், உலக சுகாதார நிறுவனம் கடலுக்கு அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. நாங்கள் போன லேபில் செய்வதில்லை. திருவனந்தபுரத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், ஐஸ் பெட்டியோடு விடியற்காலை ரயில் பிடிக்க வேண்டியிருக்கும்.