அளவுக் குவளை: ஒரு கால்நடை மருத்துவ மாணவியின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

செல்லப் பிராணிகளின் ஊட்டச்சத்து குறித்த பாடம் இன்று தொடங்கியது. எந்தப் பொட்டலத்தை வாங்கச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துவிடும் என எதிர்பார்த்துப் போனேன். கரும்பலகையில் ஒரு சூத்திரம்தான் இருந்தது. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும் பிராணிக்கு ஒரு நாளில் தேவைப்படும் கிலோகலோரி கிடைக்கும். 4 கிலோ பூனைக்கு அது ஏறத்தாழ 198. 40 கிலோ நாய்க்கு 1,113. எடை பத்து மடங்கு கூடினாலும் தேவை ஐந்தரை மடங்குதான் கூடுகிறது. பெரிய நாய்க்கு எழுதிய அளவை எடைக்கு ஏற்ப வகுத்துச் சிறிய நாய்க்குக் கொடுத்தால் அது பட்டினி கிடக்கும் என்பது இதிலிருந்தே விளங்குகிறது.

இந்த எண்ணை வாழ்க்கை நிலைக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6, செய்யாததற்கு 1.8, கருத்தடை செய்த பூனைக்கு 1.2 என்று எழுதிக்கொண்டோம். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே என்றும், ஒரே வயது, ஒரே எடை கொண்ட இரு நாய்களின் தேவை வெகுவாக வேறுபடலாம் என்றும் பேராசிரியர் சொன்னதைக் கேட்டதும், பக்கத்தில் இருந்தவன் கால்குலேட்டரை மூடி வைத்தான்.

மார்ச் 5, புதன்

இன்று முழுவதும் பூனை. நாயைச் சிறிதாக்கினால் பூனை வந்துவிடாது என்பதை ஒவ்வொரு சத்தாக எடுத்துக்காட்டினார்கள். காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றப் பூனையால் முடியாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் போதிய அளவில் ஆக்கிக்கொள்ளவும் முடியாது. புரதத்தில் உள்ள அமினோ அமிலமான ஆர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளை உணவுகூடச் சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும். இறைச்சியும் எலும்பும் உறுப்புகளுமாக இரையை முழுதாகத் தின்றே வாழ்ந்த ஓர் உயிருக்கு, இரையிலேயே ஆயத்தமாகக் கிடைத்ததைத் தானும் ஆக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற அமினோ அமிலத்தின் கதைதான் மனதில் நிற்கிறது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இதயத் தசை தளர்ந்து விரிந்து பூனைகள் இறந்துகொண்டிருந்ததற்கும் அதுவே காரணம் என்பதை 1987இல்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியோனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது வீட்டு மிச்சத்தை அல்ல, கடையில் விற்ற பூனை உணவை. அன்று போதும் என்று கருதப்பட்ட அளவே போதவில்லை. டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டது, நிறுவனங்கள் அளவைக் கூட்டின, அந்நோய் அரிதாகிவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒன்றாக எழுந்தன. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புவதற்கில்லை. தவறு தெரிந்ததும் எல்லாப் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் திருத்தம் போய்ச் சேர்ந்ததும் அதே பொட்டலத்தின் வழியாகத்தான்.

மார்ச் 6, வியாழன்

லேபிள் வாசிப்பு. ஈர உணவில் 10% புரதம், உலர் உணவில் 30% என்று போட்டிருந்ததால், எது புரதம் மிகுந்தது என்று கேட்டபோது பாதி வகுப்பு உலர் உணவைச் சொன்னது, நானும்தான். ஈர உணவில் 78% நீர். அதை நீக்கிவிட்டு 10ஐ 22ஆல் வகுத்தால் 45% வருகிறது. உலர் உணவில் 10% நீரை நீக்கினால் 33% மட்டுமே. பொருள்களின் பட்டியலும் அப்படியே: நீரோடு சேர்த்த எடை வரிசையில் எழுதப்படுவதால்தான் பச்சை இறைச்சி முதலிடத்தில் வந்து நிற்கிறது. முகப்பில் இருக்கும் படத்தைவிட, எந்த வயதுக்கான ‘முழுமையான, சமநிலையான’ உணவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் வரியைத்தான் முதலில் தேட வேண்டுமாம்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் ஓர் உணவு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது. பையும் பேனாவும் கிடைத்தன. அவர் போன பிறகு, சற்றுமுன் கேட்டவற்றில் எது சான்று, எது விற்பனை என்று பிரித்து எழுதுமாறு பேராசிரியர் சொன்னார். பேனாவைக் கொடுத்தவரைப் பற்றி அந்தப் பேனாவாலேயே எழுதியது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் நிறுவனத்தின் பணத்தில் நடந்தது என்பதற்காகவே ஓர் ஆய்வைத் தள்ளிவிடவும் முடியாது. 2002இல் வெளியான லாப்ரடார் ஆய்வைப் பியூரினா நிறுவனமே நடத்தியது. 48 நாய்களை இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவாக வாழ்நாள் முழுதும் உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உணவு விற்பவர்களே குறைவாகக் கொடுப்பது நல்லது என்று கண்டு வெளியிட்டிருக்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

முதன்முறையாக மருத்துவமனைப் பிரிவில் உணவு விவரம் கேட்கும் பொறுப்பு எனக்கு. வந்தது 17 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பீகிள் இன நாய். விலாவைத் தடவிப் பார்க்கும் வழி எளிது: கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதுபோல் விலா தட்டுப்பட்டால் சரியான உடல்; முட்டி மடக்கிய கணுக்கள்போல் புடைத்திருந்தால் மெலிவு; உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் பருமன். நான் விரல்களை அழுத்தித் தேடித்தான் விலாவைக் கண்டேன். மிக மெலிந்ததற்கு ஒன்று, மிகப் பருத்ததற்கு ஒன்பது என்ற அளவுகோலில் எட்டு மதிப்பெண். இந்தத் தேர்வில் ஐந்தே முழு மதிப்பெண்.

“இவன் ஒன்றுமே சாப்பிடுவதில்லையம்மா, வேளைக்கு ஒரே ஒரு குவளைதான்” என்றார் பெரியவர். “நீங்கள் வைப்பது ஒரு குவளை, நான் வைப்பது ஒரு குவளை” என்று அவர் மனைவி திருத்தினார். நல்ல வேளையாகக் குவளையையும் உணவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். இருவரையும் வழக்கம்போல் அள்ளச் சொல்லித் தராசில் வைத்தேன். அந்த அம்மா அள்ளியது 128 கிராம். பெரியவர் குவளையை ஒரு தட்டுத் தட்டிக் குவித்து அள்ளியது 151. அந்த உணவில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி. ஆக நாளொன்றுக்கு 976. நாய் 17 கிலோவிலேயே நிற்பதற்குச் சூத்திரம், 1.6 காரணியோடு, சொல்வது 938. இருவரும் பொய் சொல்லவில்லை. குவளைக்குத்தான் அளவு தெரியவில்லை.

இலக்கு எடை 13 கிலோ என்று வைத்து, காரணியால் பெருக்காமல், 479 கிலோகலோரி கணக்கிட்டோம். தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால் உணவுக்கு 431, அதாவது 123 கிராம். ஒரு நாள் முழுதுக்கும் அவ்வளவுதான். அந்த எண்ணைச் சொன்னபோது பெரியவர் நாயைப் பார்த்தார். நாய் குவளையைப் பார்த்தது. வழக்கமான உணவையே இவ்வளவு குறைத்தால் புரதமும் தாதுக்களும் சேர்ந்து குறைந்துவிடும் என்பதால், எடைக் குறைப்புக்கென்றே சத்துகளைச் செறிவாக்கிய உணவுக்கு மாற்றி, அதன் கலோரிக்கேற்ப கிராமைத் திருத்தி எழுதினார் மருத்துவர். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

மார்ச் 19, புதன்

வீட்டில் சமைத்துப் போடுவது பற்றி. அன்பால் செய்யும் செயல் என்பதால் கேலிக்கு இடமில்லை. ஆனால் வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் இருக்கும். குட்டியின் உடல் அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும், எலும்பு வளைந்து முறியும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியத்தை அள்ளிப் போட்டாலோ வேறு வகையில் எலும்பு கெடும். 2013இல் டேவிஸ் ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 95%இல் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்து குறைந்திருந்தது. அவற்றுள் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. சமைக்கத்தான் வேண்டும் என்பவர்களை ஊட்டச்சத்து வல்லுநரிடம் அனுப்புமாறு சொன்னார்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் பட்டியலை ஏற்கெனவே நஞ்சியலில் படித்தாயிற்று.

மார்ச் 31, திங்கள்

பீகிள் வந்தது. 16.6 கிலோ. வாரத்துக்கு எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறைவதுதான் நோக்கம் என்பதால் கணக்கு ஒத்துப்போனது. சமையலறைத் தராசு வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு நோட்டில் நாள்தோறும் காலை, மாலை கிராமை எழுதி வந்திருந்தார். தின்பண்டத்துக்குத் தனிப் பத்தி. அதில் 24ஆம் தேதிக்கு நேரே மட்டும் வேறு கையெழுத்தில் “பிஸ்கட் 2, நான்தான்” என்று இருந்தது.